குவேக்: ஸ்காட்லாந்துத் திருமணக் கிண்ணத்தில் எதை வாங்குவது, எப்படிக் கைமாற்றுவது

குவேக் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அதிலுள்ள அலங்கார வேலையை. பார்க்க வேண்டியது காதுகளின், அதாவது பக்கவாட்டுக் கைப்பிடிகளின், நீளத்தை. ஸ்காட்லாந்தின் இந்த ஆழமில்லாத இருகாதுக் கிண்ணம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதற்கென்றே உருவானது. மணமக்கள் இருவரும் ஒரே கிண்ணத்தில் விஸ்கி அருந்திவிட்டுக் குடும்பத்தாருக்குக் கொடுப்பது இன்றைய ஸ்காட்லாந்துத் திருமணங்களில், குறிப்பாக மதம் சாராத மனிதநேயச் சடங்குகளில், வழக்கமாகிவிட்டது. ஆனால் கடைகளில் கண்ணில் படுபவற்றில் பல நினைவுப்பொருள் அளவிலானவை. மேடையில் அவை கைக்கு அடங்குவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாய் அகலம் 4 அங்குலம், கனமான வார்ப்புக் காதுகள், காரீயம் கலவாத பியூட்டர் (தகரக் கலவை உலோகம்), பளபளப்பில்லாத மெருகு: பெரும்பாலான திருமணங்களுக்கு இதுதான் சரியான குவேக். வசதியும் பல தலைமுறை வைத்திருக்கும் எண்ணமும் உள்ளவர்களுக்கு ஸ்டெர்லிங் வெள்ளி. வெள்ளி முலாம் பூசியதை எவருக்கும் பரிந்துரைக்க முடியாது. காரணங்கள் கீழே.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலாந்தின் பழைய குவேக் மரத்தாலானது. சிலவற்றை ஒரே கட்டையிலிருந்து கடைந்தார்கள். சிலவற்றை வெளிர் மரத்தையும் அடர் மரத்தையும் மாற்றி மாற்றி அடுக்கி, பீப்பாய் செய்யும் முறையில் பட்டைகளாக இணைத்து, மெல்லிய வளார்களால் இறுக்கிக் கட்டினார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளிக் குவேக்குகள் வந்தபோது, தட்டார்கள் அவற்றின் மேல் மரப்பட்டைகளின் கோடுகளையும் கட்டுகளையும் அப்படியே பொறித்தார்கள். உலோகத்துக்கு அந்தக் கோடுகள் தேவையே இல்லை, ஆனாலும் மரக் கிண்ணத்தின் முகம் மாறிவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். இன்றும் நல்ல வெள்ளிக் குவேக்குகளில் அந்தக் கோடுகளைப் பார்க்கலாம். கண்ணாடி அடிப்பாகம் வைத்தவையும் உண்டு: குடிக்கும்போதும் எதிரே இருப்பவரைக் கண்காணிக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் கதை. இரண்டு கைகளாலும் கொடுத்து இரண்டு கைகளாலும் வாங்கினால் ஆயுதம் எடுக்கக் கை மிஞ்சாது என்ற விளக்கத்தையும் சடங்கு நடத்துபவர்கள் விரும்பிச் சொல்வார்கள். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் இவற்றைத் தேடிச் சேர்த்தவர். ஸ்காட்ச் விஸ்கித் தொழில்துறையினர் 1988இல் தொடங்கிய கௌரவ அமைப்பின் பெயரே ‘கீப்பர்ஸ் ஆஃப் தி குவேக்’. ஸ்காட்லாந்து, அயர்லாந்து ரக்பி அணிகள் 1989 முதல் மோதுவது ‘சென்டினரி குவேக்’ கோப்பைக்காக.

அளவு

கடைகள் சொல்லும் அங்குலக் கணக்கு பெரும்பாலும் கிண்ண வாயின் குறுக்களவு. காதுகள் அதில் சேராது. சில கடைகள் காது முதல் காது வரையிலான நீளத்தைப் போடுகின்றன. ‘6 அங்குலக் குவேக்’ என்று வாங்கியது கைக்கு வரும்போது 3½ அங்குலக் கிண்ணமாக இருப்பது இதனால்தான். வாங்குமுன் வாயின் குறுக்களவு, ஆழம், காதின் நீளம் ஆகிய மூன்றையும் மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள்.

கொள்ளளவிலும் ஏமாற இடமுண்டு. குவேக்கின் உட்புறம் ஏறக்குறைய ஒரு கோளத்தின் அடித்துண்டு. வாய் 10 சென்டிமீட்டர், ஆழம் 3 சென்டிமீட்டர் என்றால் விளிம்பு வரை சுமார் 130 மில்லி பிடிக்கும். ஆனால் பாதி ஆழத்துக்கு ஊற்றினால் அதில் இருப்பது 65 மில்லி அல்ல, சுமார் 36 மில்லிதான். கிண்ணம் மேலே விரிந்துகொண்டே போவதால் கொள்ளளவின் பெரும்பகுதி மேல்பாதியில் இருக்கிறது. இதே வடிவத்தில் 3 அங்குலக் கிண்ணம் என்றால் விளிம்பு வரை 55 மில்லி, பாதி ஆழத்துக்கு 15 மில்லி. 5 அங்குலக் கிண்ணத்தில் விளிம்பு வரை 255, பாதி ஆழத்துக்கு 70.

பாதி ஆழத்துக்கு மேல் ஊற்றக் கூடாது என்பதற்குக் காரணம் சாய்வுக் கோணம். பாதி ஆழத்தில் விஸ்கி இருக்கும்போது கிண்ணத்தை ஏறத்தாழ 20 பாகை சாய்த்த பிறகுதான் அது விளிம்பைத் தொடும். குடிப்பவருக்கு அது போதுமான எச்சரிக்கை. விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்பினாலோ 4 பாகைக்குள்ளேயே வழிந்துவிடும். கை நடுங்கும் மணமகனிடமிருந்து மணமகளுக்குப் போகும் கிண்ணத்துக்கு 4 பாகை எந்த மூலைக்கு!

எனவே கணக்கு இப்படி வரும். மணமக்கள் இருவர் மட்டும் என்றால், பிரிட்டனில் ஒற்றை அளவாகப் புழங்கும் 25 மில்லி போதும். பெற்றோரும் சாட்சிகளும் சேர்ந்து எட்டுப் பேர் என்றால், ஆளுக்கு ஒரு சிறு வாய் 5 மில்லி வீதம் 40 மில்லி. இரண்டுக்கும் 4 அங்குலக் கிண்ணம் ஏறக்குறையச் சரியாக வரும். 3 அங்குலத்தில் இருவருக்கு ஊற்றுவதே நெருக்கடி. 5 அங்குலம் வேறு விதத்தில் சிக்கல்: வாய் அகலமானால் உதட்டின் இரு ஓரங்களிலும் வழியும், படத்தில் முகம் பாதி மறைந்துபோகும்.

காதின் நீளம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கொடுப்பவர் இரண்டு காதுகளையும் பிடித்திருக்கிறார். வாங்குபவரும் இரண்டு காதுகளையும் பிடிக்க வேண்டும். ஆக ஒவ்வொரு காதிலும் ஒரு கணம் இரண்டு கைகளுக்கு இடம் வேண்டும். காது 2 சென்டிமீட்டர் என்றால் அது நடக்காது; கொடுப்பவர் விட்ட பிறகு வாங்குபவர் பிடிக்க வேண்டியிருக்கும், அந்த இடைவெளியில்தான் கிண்ணம் விழுகிறது. 3 சென்டிமீட்டருக்குக் குறையாத காது, அடியில் விரல் பதிய லேசான குழிவு, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னல் வேலைப்பாட்டில் துளைகளோடு வார்த்த காதுகள் வழவழப்பான காதுகளைவிட நன்றாகப் பிடிகொடுக்கும். துளைகளின் இடுக்கில் பாலிஷ் மாவு தங்குவதுதான் குறை.

எந்த உலோகம், எந்த மரம்

பியூட்டர் என்பது தகரத்தை (வெள்ளீயத்தை) முதன்மையாகக் கொண்ட கலவை. இன்று பிரிட்டனில் உணவுக்காகச் செய்வதில் 90 சதவீதத்துக்கு மேல் தகரம், மீதி ஆன்டிமனியும் செம்பும். நம் வீட்டு ஈயச் சொம்பின் நெருங்கிய உறவு இது. அதே மென்மை, அதே மங்கிய வெள்ளை, அடுப்பில் வெறுமனே வைத்தால் உருகிவிடும் அதே குணம். ஈயச் சொம்பு வாங்கும்போது காரீயம் கலந்திருக்குமோ என்று பார்ப்பதுபோல இதிலும் பார்க்க வேண்டும். பழம்பொருள் கடையில் கிடைக்கும் பழைய பியூட்டரில் காரீயம் இருக்கக்கூடும். அவை அலமாரிக்கு மட்டும். புதியதில் ‘காரீயம் கலவாதது’ என்று எழுத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேளுங்கள், பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள். பிரிட்டனில் பியூட்டர்த் தொழில் வேரூன்றிய ஊர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் பர்மிங்காமும். ஸ்காட்லாந்துக் கடையில் வாங்குவதும் அங்கே வார்க்கப்பட்டதாக இருக்கலாம். தரத்தில் அது குறையல்ல. ஸ்காட்லாந்திலேயே செய்தது வேண்டும் என்றால் ‘ஸ்காட்லாந்து வடிவமைப்பு’ என்ற வரியோடு திருப்தி அடையாமல், எங்கே செய்தது என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

பியூட்டர் வெள்ளிபோலக் கறுக்காது, துருப்பிடிக்காது. கீழே விழுந்தால் நசுங்கும், உடையாது. கண்ணாடிபோல் மெருகேற்றியதைவிட மங்கல் மெருகு நல்லது. மெருகேற்றியதில் கைரேகையும், மோதிரம் உரசிய கீறலும், புகைப்படக்காரரின் உருவமும் ஒருசேரத் தெரியும். சுத்தியால் தட்டிய புள்ளி மெருகு கீறலை இன்னும் நன்றாக மறைக்கும், ஆனால் அதன்மேல் எழுத்துப் பொறிப்பது கடினம்.

ஸ்டெர்லிங் வெள்ளி என்றால் 1000க்கு 925 பங்கு வெள்ளி. பிரிட்டனில் 7.78 கிராமுக்கு மேற்பட்ட வெள்ளிப் பொருளை வெள்ளி என்று சொல்லி விற்க முத்திரை கட்டாயம். எடின்பரோ சோதனைக்கூடத்தின் குறி மூன்று கோபுரங்கள் கொண்ட கோட்டை. அடியிலோ காதின் கீழ்ப்புறத்திலோ செய்தவர் குறி, 925 என்ற எண், கோட்டை (அல்லது வேறு சோதனைக்கூடத்தின் குறி) ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். வெள்ளியின் மேன்மை கையில் எடுத்தவுடன் புரிந்துவிடும்: விளிம்பு மெல்லியதாக இருந்தும் கிண்ணம் உறுதியாக நிற்கும், உதட்டுக்கு இதமாக இருக்கும். விலை பல நூறு பவுண்டுகள். 4 அங்குலப் பியூட்டரோ ஏறத்தாழ 50 முதல் 100 பவுண்டுக்குள் அடங்கிவிடும்.

துருப்பிடிக்காத எஃகு 10, 20 பவுண்டுக்குக்கூடக் கிடைக்கிறது. சாப்பாட்டு மேசைகளில் வைத்து விருந்தினர் பயன்படுத்த இது போதும். தகட்டை அழுத்திச் செய்ததால் விளிம்பு சில சமயம் கூராக இருக்கும், காது புள்ளி வெல்டில் நிற்கும். விரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளி முலாம் முதலில் தேய்வது விளிம்பில்தான், உதடும் துணியும் படும் அதே இடத்தில். எழுத்துப் பொறித்தால் ஊசி முலாமைக் கிழித்து அடியிலிருக்கும் மஞ்சள் உலோகத்தைக் காட்டிவிடும். பெயர் பொறிக்கவென்றே வாங்கும் பொருளில் இதைவிடப் பெரிய குறை வேண்டுமா?

மரக் குவேக் அழகில் எல்லாவற்றையும் விஞ்சும். பழைய வடிவத்துக்கு நெருக்கமானதும் அதுவே. ஆனால் மேற்பூச்சைக் கேட்காமல் வாங்காதீர்கள். அரக்குப் பூச்சு சாராயத்தில் கரையும்; 40 சதவீதச் சாராயம் உள்ள விஸ்கியை ஊற்றினால் பூச்சு பிசுபிசுத்துப் பானத்தில் கலந்துவிடும். உணவுக்கு ஏற்ற எண்ணெய் பூசியதே வேண்டும். பட்டைகளை இணைத்துச் செய்த வகை, வெப்பமூட்டிய அறையில் மாதக்கணக்கில் இருந்தால் காய்ந்து சுருங்கி இடுக்கில் கசியும். திருமணத்துக்கு முந்தின நாள் குளிர்ந்த நீர் ஊற்றி ஓரிரு மணி நேரம் வைத்தால் மரம் ஊறிப் பொருந்திக்கொள்ளும். அதற்குப் பிறகும் கசிந்தால் அதை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கைக்கு வந்ததும் சோதிக்க வேண்டியவை

காதும் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கும் வகை என்றால், கிண்ணத்தைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வையுங்கள். ஆடினால் ஒரு காது கோணலாகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பிறகு நிமிர்த்தி, பாதி ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டம் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அடிவளையம் கிண்ண வாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அகலம் என்றால் புல்தரையிலும் துணி விரித்த மேசையிலும் கவிழும். காது கிண்ணத்தோடு சேரும் இடத்தில் பற்றாசு முழுநீளமும் ஓடியிருக்க வேண்டும். நடுவில் மட்டும் ஒரு பொட்டு என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு நல்ல கிண்ணமானாலும் நிரம்பியிருக்கும்போது ஒரு காதை மட்டும் பிடித்துத் தூக்கக் கூடாது, முழுப் பாரமும் அந்த ஓர் இணைப்பில் விழும்.

இந்தச் சோதனைகளை எழுத்துப் பொறிக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். பிரிட்டனின் 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்துசெய்யும் உரிமை பெயர் பொறித்த பொருளுக்குக் கிடையாது. குறையுள்ள பொருள் என்றால் கதை வேறு. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம், பெயர் பொறித்திருந்தாலும். ஆனால் ‘அளவு சின்னதாகப் போய்விட்டது’ என்பது குறை ஆகாது.

எழுத்துப் பொறிப்பு

மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. கையால் வெட்டுவது ஆழமானது, விலை அதிகம், வெள்ளிக்கு ஏற்றது. வைர ஊசியால் கீறும் இயந்திர முறை பியூட்டரில் சுத்தமாக விழும். லேசர் நுண்ணிய எழுத்துக்கு நல்லது, ஆனால் மேலோட்டமாக விழுந்தால் ஆண்டுக்கணக்கில் துடைப்பதில் மங்கும். காதில் பெயர்ச் சுருக்கத்துக்கு மேல் எதுவும் அடங்காது. கிண்ணத்தின் உள்ளடியில் பெயரும் தேதியும் பொறித்தால் விஸ்கி குறையக் குறைய எழுத்து தெளிவாகும். இதைப் பலரும் விரும்புகிறார்கள். வெளிப்புறத்தில் பொறிப்பதுதான் படத்தில் தெரியும்.

‘ஸ்லான்ஜ வா’ (நல்ல உடல்நலம்) என்ற கேலிக் மொழி வாழ்த்தைப் பொறிக்கிறீர்கள் என்றால் உயிரெழுத்தின் மேலுள்ள கோட்டைக் கவனியுங்கள். ஸ்காட்டிஷ் கேலிக்கில் அது இடமிருந்து வலமாக இறங்கும். வலப்புறம் ஏறினால் அது ஐரிஷ். மாதிரிப் படம் வாங்கிப் பார்க்காமல் சம்மதம் சொல்லாதீர்கள். தமிழில் பெயர் பொறிக்க விரும்பும் தம்பதிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: பொறிப்பு மென்பொருள்கள் பலவற்றில் கொம்பும் புள்ளியும் இடம் மாறி விழும். எழுத்தாக அனுப்பாமல் கோட்டுப்படமாக மாற்றி அனுப்புங்கள். மெய்யெழுத்தின் புள்ளி லேசரில் காணாமல் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

சடங்கில் எந்த இடத்தில்

குவேக் சட்டப்படித் தேவையான ஒன்றல்ல. ஸ்காட்லாந்தில் திருமணம் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது: நடத்திவைக்கும் உரிமை பெற்றவர், இரண்டு சாட்சிகள், இருவரின் உறுதிமொழி, ஆவணத்தில் கையொப்பம். எனவே கிண்ணத்தை எங்கே வைப்பது என்பது உங்கள் விருப்பம். மோதிரம் மாற்றி, ‘கணவன் மனைவி’ என்று அறிவித்தவுடன் வைப்பதே பொருத்தம். தம்பதியாக அவர்கள் பருகும் முதல் பானம் அது. உறுதிமொழிக்கு முன்னால் வைத்தால் அந்தப் பொருளே போய்விடுகிறது.

கையொப்ப மேசையும் விஸ்கி மேசையும் ஒன்றாக இருக்கவே கூடாது. கையொப்பமிட்ட ஆவணம் மூன்று நாளுக்குள் பதிவாளரிடம் போக வேண்டியது. அதன்மேல் விஸ்கி கொட்டினால் மை கலையும். எவ்வளவு சிறிய இடமானாலும் இரண்டு மேசை போடுங்கள்.

முந்தின நாள் மாலையே கிண்ணத்தை வெந்நீரும் பாத்திரச் சோப்பும் கொண்டு இருமுறை கழுவி, துணியால் ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். புதுக் கிண்ணத்தில் மெருகுக் களிம்பின் வாடை இருக்கும், விஸ்கியில் அது நன்றாகவே தெரியும். புட்டியின் தக்கையை ஒருமுறை திறந்து மூடி வையுங்கள். மேடையில் புட்டியிலிருந்து நேரே ஊற்றினால் அளவு தப்பும். அளந்த விஸ்கியைச் சிறு கண்ணாடிக் குவளையில் எடுத்து வைத்து, அதிலிருந்து ஊற்றுங்கள்.

மணமக்கள் எதிரெதிரே, ஒரு முழ இடைவெளியில். ஊற்றுபவர் பெற்றோரில் ஒருவராகவோ மாப்பிள்ளைத் தோழனாகவோ இருக்கலாம். முதலில் குடிப்பவர் கட்டைவிரல் காதின் மேலும் மற்ற இரண்டு விரல்கள் கீழுமாகப் பிடிக்க வேண்டும். குடிக்கும் இடம் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ள விளிம்பு. காது அருகே வாய் வைத்தால் வழியும். தலையைப் பின்னால் சாய்க்காமல், சற்றே முன்குனிந்து கிண்ணத்தை உயர்த்த வேண்டும். சிந்தினாலும் அப்போது உடையைத் தாண்டித் தரையில் விழும். கொடுக்கும்போது விரல்களைக் கிண்ணத்தை ஒட்டி உள்ளே நகர்த்தி, காதின் வெளிப்பாதியை வாங்குபவருக்கு விட வேண்டும். வாங்கியவர் கண்ணால் சம்மதம் காட்டிய பிறகே கையை எடுக்க வேண்டும். வெற்றுத் தண்ணீரில் நாலைந்து முறை பழகினால் போதும். பழகாமல் மேடை ஏறினால் பெரும்பாலும் அந்தக் கைமாற்றும் கணத்தில்தான் பிசகும்.

மணப்பெண்ணின் முகத்திரையை முன்பே பின்னால் தள்ளிவிடுங்கள், ஓரம் கிண்ணத்தில் விழும். சரிகைக் கைமடிப்பும் அப்படியே. சாட்டின் கையுறை மெருகேற்றிய பியூட்டரில் வழுக்கும், கழற்றியாக வேண்டும். உதட்டுச் சாயத்தைத் துடைக்க இரண்டு கையும் வேலையாயிருக்கும் மணமக்களால் முடியாது. கைத்துணியோடு அருகே ஒருவர் நிற்கட்டும். புகைப்படக்காரரைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். நேர் எதிரே நின்றால் கிண்ணத்தின் அடிப்பாகமும் இரண்டு காதுகளும்தான் படத்தில் இருக்கும்.

ஹைலாந்தில் கோடையில் வெளியே நடக்கும் திருமணம் என்றால் மிட்ஜ் பூச்சியை மறக்காதீர்கள். கொசுவைவிடச் சிறியது, மே முதல் செப்டம்பர் வரை ஈரமும் காற்றின்மையும் சேர்ந்த மாலைகளில் மேகம்போல் வரும், கிண்ணத்திலும் விழும். ஊற்றும் நிமிடம் வரை விஸ்கி மூடிய குவளையில் இருக்கட்டும்.

எத்தனை பேருக்குக் கொடுப்பது? ஆளுக்குப் பத்து விநாடி என்று வைத்தாலும் அறுபது பேருக்குப் பத்து நிமிடம். அதற்குள் சடங்கின் சூடு ஆறிவிடும். பெற்றோர், சாட்சிகள் என்று எட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்கு விருந்தின்போது மேசைக்கு ஓர் எஃகுக் குவேக் போதும்.

எதை ஊற்றுவது

புகைமணம் இல்லாத 40 சதவீத விஸ்கி, ஸ்பேசைடு வகை, பாதுகாப்பான தேர்வு. பீப்பாய் வலிமையில் அடைத்த 55, 60 சதவீத விஸ்கி பழகாதவரை இருமவைக்கும். திருமண நடுவில் அது வேண்டாம். விஸ்கி பழக்கமில்லாதவர் இருந்தால் 25 மில்லிக்கு 8 மில்லி தண்ணீர் சேருங்கள், 30 சதவீதத்துக்கு இறங்கும், மணமும் விரியும். இனிப்பு விரும்பினால், விஸ்கியில் தேன் சேர்த்துச் செய்யும் டிராம்பூயி.

இரு குடும்பமும் ஆளுக்கொரு விஸ்கி கொண்டுவந்து கிண்ணத்தில் கலப்பது அழகான வழக்கம். ஒன்று ஐலா தீவின் புகைமண விஸ்கி என்றால் சரிபாதி கலக்காதீர்கள், மற்றது இருந்த இடம் தெரியாது. அதில் 10 மில்லி, மற்றதில் 20 மில்லி என்று கலந்தால் இரண்டுமே நாவில் நிற்கும்.

மது வேண்டாதவர்களுக்கு ஐர்ன்-புரூ பிரபலம். கிளாஸ்கோவோடு பிரிக்க முடியாத ஆரஞ்சு நிறப் பானம். ஊற்றியதும் நுரைத்து வழியும், வெள்ளை உடையில் பட்டால் நிறம் ஏறும். பத்து நிமிடம் முன்பே குவளையில் ஊற்றி வாயுவை இறக்கிவிட்டுப் பிறகு கிண்ணத்தில் சேருங்கள். வெளிர்நிற ஆப்பிள் சாறு இன்னும் பத்திரம். புளிப்புள்ள எதையும் பியூட்டரில் தேங்க விடாதீர்கள், சடங்கு முடிந்ததும் அலசிவிடுங்கள்.

எச்சில் பார்க்கும் நம்மவர்கள் விருந்தினராகப் போகும்போது தயங்குவது இயல்பே. அண்ணாந்து குடிக்க இந்தக் கிண்ணம் இடம் தராது. இவ்வளவு அகலமான வாயிலிருந்து தாரையாக விழாது, சட்டைக்குத்தான் போகும். குடிக்க விருப்பமில்லையென்றால் இரண்டு கைகளாலும் வாங்கி, உதட்டருகே உயர்த்தி, அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். அதை எவரும் அவமதிப்பாக எடுப்பதில்லை. விஸ்கியின் வலிமை கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பி யாரையும் வற்புறுத்தக் கூடாது. சில விநாடித் தொடர்பில் 40 சதவீதம் அதற்குப் போதாது. விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைத் திருப்பி மறுபக்க விளிம்பைக் கொடுப்பது நல்ல பழக்கம். யாருக்காவது உதட்டில் கொப்புளம் இருந்தால் கிண்ணம் அவரைத் தாண்டிப் போகட்டும். வண்டி ஓட்டப் போகிறவரும் உதட்டளவோடு நிறுத்துவதே சரி. 2014 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் ஓட்டுநருக்கான வரம்பு 100 மில்லி இரத்தத்துக்கு 50 மில்லிகிராம், இங்கிலாந்தின் 80ஐவிடக் கடுமையானது.

பிறகு

அன்றிரவே கழுவுங்கள். பியூட்டரைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் காரமான தூள் மேற்பரப்பை நிரந்தரமாக மங்கவைத்துவிடும். வெள்ளியைத் துலக்கும் திரவத்தில் பியூட்டரை முக்கவும் கூடாது. மென்துணியும் சோப்பு நீருமே போதும். வெள்ளிக் குவேக்கைச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள், ரப்பர் வளையம் போடாதீர்கள். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டுவிடும். அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, துணிப்பையில் வையுங்கள். மரக் குவேக்கை வெயிலிலோ வெப்பமூட்டியின் மேலோ காயவைத்தால் வெடிக்கும்.

பொறிப்புக்கு ஆணை கொடுக்கும்போது ஒரு காதையும் வெளிப்புறத்தின் பாதியையும் வெறுமையாக விடச் சொல்லுங்கள். இதே குவேக்கை ஸ்காட்லாந்தில் குழந்தையின் பெயர்சூட்டு விழாவிலும் திருமண ஆண்டு நாளிலும் எடுக்கிறார்கள். அப்போது புதிய பெயரையும் தேதியையும் அதே எழுத்துருவில் சேர்க்க, முதல் பொறிப்பின் எழுத்துரு பெயரையும் எழுத்தின் உயரத்தையும் பொறித்தவரிடம் கேட்டு எழுதி வாங்கிக் கிண்ணத்தின் பெட்டியிலேயே போட்டுவையுங்கள்.